முட்டை வண்டிக்குள் கேட்டது

தம்பி, இந்தக் கடிதத்தை உறையில் வைத்து ஒட்டாமல்தான் உங்கம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. மூடி மறைத்தது போதும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன். இன்னும் ஐந்து நாளில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் பெற்றவன் வாழ்த்துச் சொல்ல வேண்டும், குடும்பம் நடத்த நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வாழ்த்து மனசில் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பேனாவை எடுத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. வாழ்நாளெல்லாம் அதை முழுங்கி முழுங்கிப் பழகியவன் நான். இந்த ஒரு தடவை முழுங்கப் போவதில்லை.

முந்தாநாள் சாயங்காலம் உன் மாமனார் நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்தார். எங்களை வேலப்பன்சாவடி மண்டபத்துக்கு அழைத்துப்போகக் கார் அனுப்புவதைப் பற்றிப் பேச வந்தார். நான் கட்டிலில் கால் மேல் போர்வை போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா சம்மந்தி, முட்டி வலி இப்ப எப்டி கீது? ரொம்ப நாளா நடக்க முடியலன்னு மாப்ள சொன்னாரு. எங்க ஊட்ல ஒரு தைலம் கீது, குடுத்தனுப்பட்டா?" உங்கம்மா காபி டம்ளரை நீட்டியவள் நீட்டியபடியே என்னைப் பார்த்தாள். நான், "அனுப்புங்க சம்மந்தி, தேச்சிப் பாக்கறேன்" என்றேன். வலியே இல்லாத முட்டியில் எதற்குத் தேய்ப்பது? முட்டிக்குக் கீழே நாலு விரற்கடையோடு என் இடது கால் முடிந்துபோய்ப் பதிமூன்று வருடம் ஆகிறது. அவர் போனதும் உங்கம்மா, "புள்ள ஏதோ வாய் தவறி சொல்லிக்கீறான், உடுய்யா" என்றாள். வாய் தவறியா முட்டி வலி வரும்? யோசித்துச் சொன்ன பொய் அது.

அப்போதுதான் நிச்சயதார்த்தம் ஞாபகம் வந்தது. அவர்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே என்னை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாய். குனிந்து என் வேட்டியை, கட்டைக்காலின் பாதம் மறையும் வரைக்கும் நீயே இழுத்துவிட்டாய். தட்டு மாற்றும்போதும் எழுந்திருக்க வேண்டாம் என்று தோளை அழுத்தினாய். பிள்ளைக்கு என்மேல் இவ்வளவு அக்கறையா என்று கண் கலங்கினேன். அவர்கள் வேன் ஏறிப்போன பிறகுதான் நான் எழுந்தேன். கண் கலங்கியதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன், நீ வேறு மாதிரி சொல்லிப் பழகிவிட்டாயே. நீ ஆறாவது படிக்கும்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை நேரத்தில், பாரம் தூக்குகிற செயின் பிளாக்கிலிருந்து இரும்பு அச்சுக்கட்டை நழுவி என் காலில் விழுந்தது. கொக்கி மாட்டியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. கால் போனதும் என்னை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி எஸ்டேட் போக வேண்டும். கட்டைக்காலோடு பஸ்ஸில் தொங்க முடியவில்லை. தர்மத்துக்குக் கொடுக்கும், கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கிடைத்தது. அதில் போன மூன்றாம் நாள், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிழலுக்கு நின்றபோது ஒரு அம்மாள் வந்து என் மடியில் நாலணா போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனாள். அன்றைக்கே அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் ஸ்டோருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் பாகம் பெட்டியில் வந்தது. ஆடாமல் இருக்கக் கசக்கித் திணித்திருந்த பேப்பரில் ஒரு படம். ஈஸி சேரில் படுத்த மாதிரி ஒரு வெள்ளைக்காரன் சாய்ந்துகொண்டு, கால் இரண்டையும் முன்னால் நீட்டி ஒரு மூன்று சக்கர வண்டியை மிதிக்கிறான். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முதுகுக்குப் பிடிமானம் இருந்தால் கட்டைக்காலாலும் உதைக்கலாம், நிறுத்தினால் விழவும் மாட்டோம். பேப்பரை நீவி மடித்து டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உனக்குக்கூடக் காட்டினேன். பழைய சைக்கிள் பிரேம் இரண்டை அறுத்து, சின்ன சைக்கிள் சக்கரம் மூன்று போட்டு, ஈஸி சேர் துணியை சீட்டாகக் கட்டி, கட்டைக்காலைப் பெடலோடு சேர்த்துக் கட்ட ஒரு வாரும் வைத்து, இரண்டு மாதத்தில் வண்டி ரெடியாகிவிட்டது. முதல் வாரம் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் யாரும் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். கேட் போட்டிருந்தால் லாரிக்காரன் மேலேயிருந்து பேச்சுக் கொடுப்பான். கால் போன பிறகு நான் மனுஷனாக இருந்தது அந்த ஒன்றரை வருடம்தான்.

நீ எட்டாவது படிக்கும்போது மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட உன் ஸ்கூலுக்கு அந்த வண்டியில் வந்தேன். பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் பெடலில் கட்டியிருந்த காலைத் தொட்டுப் பார்த்தான். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, நானே அவிழ்த்துக் காட்டினேன். நீ தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றதை நான் கவனிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "நைனா, இனிமே ஸ்கூலாண்ட வராத. வந்தா காலு தெரியாத மாரி வா." உங்கம்மா கரண்டியை ஓங்கினாள். "யார்கிட்ட இன்னா பேசற? அந்த காலு உனக்கு சோறு போட்ட காலுடா." நான்தான் அவள் கையைப் பிடித்தேன். அது என் முதல் தப்பு. அந்தக் கரண்டி அன்றைக்கு உன்மேல் விழுந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏழுமலையைப் பார்க்கப் போனேன். எஸ்டேட்டில் பைபர் தொட்டி செய்கிற பட்டறையில் வேலை அவனுக்கு. வண்டியின் மேல் மூங்கில் பத்தையை வளைத்துக் கட்டி, கோணிப்பையைப் பிளாஸ்டர் மாவில் தோய்த்துப் போர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி அச்சு செய்தோம். அதன்மேல் தரைக்குப் போடும் மெழுகைத் தடவி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து ரெசின் பசை பூசினோம். அது இறுகினதும் பெயர்த்தெடுத்தால் வண்டிக்கு ஓடு. நாலு ஞாயிறு பிடித்தது. நார் தூசி சட்டைக்குள் புகுந்து வாரம் முழுக்க உடம்பெல்லாம் அரிக்கும். உங்கம்மா தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவாள், திட்டிக்கொண்டே. மாட்டிப் பார்த்தால் முதல் மிதியிலேயே முட்டி ஓட்டில் இடிக்கிறது. ஏனென்றால் அளவெடுக்கும்போது நான் சும்மா படுத்துக் கிடந்தேன். மிதித்தால் முட்டி மேலே வரும் என்று, இருபது வருடம் மெஷின் ஓட்டிய எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. ஏழுமலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு முட்டிக்கு நேரே இரண்டு ஓட்டை வெட்டி, மேலே இரண்டு கிண்ணம் மாதிரிப் புடைப்பு வைத்து ஒட்டினோம்.

தலை விஷயத்தில்தான் அவனுக்கும் எனக்கும் சண்டை. "தலைய வெளிய உட்ரு அண்ணாத்தே. நம்ம வெயில்ல உள்ளயே வெந்துடுவ" என்றான். தலையையும் மூட வேண்டும் என்றேன். "இன்னாத்துக்கு?" என்றான். மழைக்கு என்றேன். "மெட்ராசுல எத்தினி நாளு மழ பெய்து?" என்று கேட்டான். நான் ஒரு மூங்கில் பத்தையை எடுத்து என் தலைக்கு மேல் வளைத்துக் காட்டினேன். அவன் மேலே ஒன்றும் கேட்காமல் மூடி செய்து கொடுத்தான். கண்ணுக்கு நேரே ஒரு சாண் அகலத்துக்கு பிளாஸ்டிக் கண்ணாடி. பக்கத்தில் காற்றுக்கு நாலு கீறல். வெள்ளை பெயின்ட் அடித்தோம், சூடு கம்மியாகும் என்று.

உன் ஆசைப்படி காலும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. ஆனால் நடந்ததைப் பார். ஒன்றரை வருடமாக என்னைத் திரும்பிப் பார்க்காத அம்பத்தூர், அன்றைக்குக் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தது. "முட்டை வருதுடா" என்று சின்னப் பிள்ளைகள் கேட் வரைக்கும் கூடவே ஓடின. ஆறே நாளில் அதற்கு முட்டை வண்டி என்று பேர் வைத்தார்கள். டீக்கடைக்காரர் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். நான் உள்ளேயிருந்து தூக்குவது அவருக்கு எப்படித் தெரியும்? சித்திரை வெயிலில் ரெசின் வாடையும் வேர்வையும் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். எஸ்டேட் போய்ச் சேரும்போது சட்டையைப் பிழியலாம். அப்படியும் ஓட்டினேன். உனக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன், ஞாபகம் இருக்கும்.

இனி எழுதப் போவதை உங்கம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. அந்த ஓட்டுக்குள் இருந்து பேசினால் வெளியே ஒன்றும் கேட்காது. ஆனால் வெளியே பேசுவதெல்லாம் உள்ளே குடத்துக்குள் பேசின மாதிரி தெளிவாகக் கேட்கும். வெளியே இருப்பவனுக்கு இது தெரியாது. நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஒருநாள் மத்தியானம் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் லாரி, பின்னால் மாட்டு வண்டி, நடுவில் நான். பக்கத்தில் மூன்று சைக்கிள் வந்து நின்றன. நான் படுத்திருக்கும் உயரத்துக்கு ஆளின் முகம் தெரியாது. காற்றுக் கீறல் வழியாக ஒரு பெடலும் அதன்மேல் ஒரு செருப்பும்தான் தெரிந்தன. அந்தச் செருப்பின் வாரை முந்தின ஞாயிற்றுக்கிழமை நான்தான் தைத்தேன். கறுப்பு நூல் கிடைக்காமல் பச்சை நூலால் தைத்தது.

உன் சிநேகிதன் ஒருவன் கேட்டான், "உள்ள யாரு மச்சான் கீறாங்க?" இன்னொருவன், "இவங்க ஏரியா வண்டிடா. இன்னாடா, உனக்குத் தெரியாதா?" என்று உன்னிடம் கேட்டான். நீ கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "தெர்ல மச்சான். யாரோ நொண்டிப் பார்ட்டி" என்றாய்.

அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் ஓட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, "அண்ணாத்தே, உள்ள மூச்சு வருதா?" என்று கேட்டான். அந்தத் தட்டு என் மண்டைக்குள் இடித்தது. நீ தட்டவில்லை. என் பிள்ளை தட்டவில்லை என்று அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டேன், தம்பி. எவ்வளவு கேவலம் பார். கூட்ஸ் வண்டி வந்தது, முடியவே முடியாது போல ஒவ்வொரு பெட்டியாகப் போனது. கேட் திறந்ததும் உங்கள் மூன்று சைக்கிளும் தண்டவாளத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் மிதிக்கவில்லை. பின்னால் மாட்டு வண்டிக்காரர் சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்தால் நீ எனக்கு முன்னாலேயே வந்து, "நைனா, தண்ணி வேணுமா?" என்று சொம்பை நீட்டினாய். வாங்கிக் குடித்தேன். நான் கேட்டிருப்பேனோ என்ற பயம் இருக்கிறதா என்று உன் முகத்தில் தேடினேன், அந்தச் சந்தேகம்கூட அதில் இல்லை.

அன்றைக்கே அந்த ஓட்டைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். எறிந்தால் ஏன் என்று நீ கேட்பாய், நான் சொல்ல வேண்டி வரும், நீ தலைகுனிவாய். பிள்ளை தலைகுனியக் கூடாது என்று இன்னும் எட்டு வருடம் அதற்குள் வெந்தேன். இதைப் பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாசமில்லை, கோழைத்தனம். உன் தப்பை உன்னிடமே சொல்லத் தைரியமில்லாத அப்பன் உனக்கு வாய்த்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒருநாள் அழுதிருப்பாய், இன்றைக்கு உன் மாமனார் என் முட்டிக்குத் தைலம் அனுப்ப மாட்டார்.

உன்மேல் மட்டும் பழியைப் போட்டு முடித்தால் நானும் பொய்யன்தான். அந்த வெளிநாட்டுப் பேப்பரில் இருந்தது ஒரு படம் இல்லை, இரண்டு. மேலே திறந்த வண்டி. கீழே அதே வண்டி, முழுக்க ஓடு போட்டு, ஆளே தெரியாமல். உனக்குக் காட்டும்போது கீழ்ப் பாதியைப் பின்னால் மடித்துத்தான் காட்டினேன். வண்டி செய்த முதல் நாளிலிருந்தே அந்தக் கீழ்ப்படம்தான் என் மனசில் இருந்தது. கூட வேலை பார்த்தவன் எவனாவது எதிரில் வந்தால் எனக்கும் உடம்பு கூசும். ஆனால் என் காலுக்கு நானே வெட்கப்படுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னதும் எனக்குச் சாக்கு கிடைத்துவிட்டது. பதின்மூன்று வயசுப் பையன் தலையில் அதைத் தூக்கி வைத்துவிட்டு, உனக்காக, உனக்காக என்று பத்து வருடம் சொன்னேன். அப்பனே மூடிக்கொண்டால் அதில் மூடவேண்டியது ஏதோ இருக்கிறது என்றுதானே பிள்ளை நினைப்பான். என் வேட்டியை இழுத்துவிட உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். கேட்டில் நீ சொன்னதை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இன்னும் இல்லை. முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமே என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பெண்ணிடம் தாலி கட்டுவதற்கு முன்னால் நீயே போய்ச் சொல். எங்கப்பாவுக்கு ஒரு கால் இல்லை, நான் மறைத்தேன் என்று சொல். அவள் நல்ல பெண். நிச்சயத்தன்று எல்லோரும் சாப்பிடப் போனபோது எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். என் பாதத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பேசாமல் வேட்டி நுனியைத் தண்ணி படாமல் நகர்த்தினாள். அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நீ சொல்கிறாயா என்று காத்திருக்கிறாளோ என்னவோ. பொய்யோடு ஆரம்பிக்கிற வீட்டில் எதிலாவது தினம் இடித்துக்கொண்டே இருக்கும், எங்கள் ஓட்டில் முட்டி இடித்த மாதிரி. பிறகு ஓட்டை வெட்டி ஒட்டுப்போட வேண்டும்.

நேற்று ஏழுமலையை வரச்சொன்னேன். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, "நெசமா சொல்றியா அண்ணாத்தே? நாலு ஞாயித்துக்கெழம வேல" என்றான். ஓட்டை அறுத்துப் போடு என்றேன். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. கீழ்ப்பாதி ஓட்டில் பக்கத்து வீட்டம்மா கீரை விதைக்கப் போகிறாளாம். தலைமூடியை என்ன செய்வது என்று தெரியவில்லை, சுவரோரம் கிடக்கிறது. பழைய மாதிரி கையெல்லாம் அரிக்கிறது, உங்கம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள், இந்தத் தடவை திட்டவில்லை. "வெயில்ல வராதய்யா, காரு வருதில்ல" என்று மட்டும் சொன்னாள். காரில் அவள் வருவாள். நான் விடிந்ததும் கிளம்பி அயப்பாக்கம், திருவேற்காடு வழியாக மிதித்துக்கொண்டு வருகிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் வந்துவிடுவேன். வேட்டியை முட்டிக்கு மேலே மடித்துக்கட்டித்தான் மிதிக்க முடியும், அதை இறக்கிவிட யாரும் குனிய வேண்டாம்.

மண்டப வாசலில் உன் ஆபீஸ் சிநேகிதர்கள் நிற்பார்கள், உன் மாமனார் வீட்டு ஆட்கள் நிற்பார்கள். நான் உள்ளே திரும்பும்போது அவர்களில் யாராவது ஒருவர் உன்னைப் பார்த்து, யாருப்பா அது என்று கேட்பார்கள். நிதானமாக யோசித்துப் பதில் சொல், தம்பி. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.